துவக்குக் குழலில் இறுகிப்போன சோக் குழாய்: கழற்றிய விதம்

வேலைக்கு வந்தது 12 போர் தானியங்கித் துவக்கின் குழல் மட்டும். நீளம் 28 அங்குலம், மேலே காற்றோட்டப் பட்டி, வாயில் உள்ளடங்கிய சோக் குழாய், அதாவது சன்னம் பரவுவதைக் கட்டுப்படுத்த வாயை ஒடுக்குகிற, புரியில் திருகிப் பூட்டுகிற சிறு குழாய். இனிக் குழாய் என்றால் இது, குழல் என்றால் துவக்கின் குழல். விளிம்பில் சாவி பிடிக்க நாலு வெட்டு. எதிரெதிரான ஒரு சோடியின் உதடு உடைந்து கிடந்தது. திருப்புளியை வைத்துச் சுத்தியலால் அடித்த அடையாளம் அது. மற்றச் சோடி நல்லாக இருந்தது. இந்த ஒரு சோடியை நம்பித்தான் முழு வேலையும்.

குழாய் இறுகியிருக்கிறது என்று ஆட்களுக்குத் தெரியவருவது பெரும்பாலும் வருடக் கடைசியில்தான். லைசன்ஸ் டிசம்பர் 31இல் முடிகிறது, புதுப்பிக்கிற சாட்டில் துவக்கை வெளியே எடுத்துத் துடைக்கிறார்கள். அந்த நேரம் திருகோணமலையில் மாரி. வாடைக் காற்று கடலின் ஈரத்தையும் உப்பையும் நேரே வீட்டுக்குள் கொண்டுவரும். நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் கதவுப் பிணைச்சலே கறள் பிடிக்கிற காலம். கந்தளாய், தம்பலகாமம் போல உள்ளே இருக்கிற வயற்காரருக்கு உப்புக் குறைவு, ஆனால் பெரும்போகக் காவலில் துவக்கு இரவு முழுக்கப் பனியில் நனைகிறது. இரண்டு இடத்திலும் முடிவு ஒன்றுதான்.

ஏன் இறுகுகிறது என்பதைச் சரியாகப் பிடித்தால்தான் எந்த வழியில் கழற்றுவது என்று தெரியும். யாரோ பலமாக முறுக்கிவிட்டதால் இறுகுவது குறைவு. பொதுவாக மூன்று சாமான் சேர்ந்து ஒட்டுகின்றன. தோட்டாவில் மருந்துக்கும் சன்னத்துக்கும் நடுவே இருக்கிற பிளாஸ்டிக் தக்கை வெடிச் சூட்டில் உரசி விட்டுப்போகிற மெல்லிய படை ஒன்று. மருந்துக் கரி இரண்டாவது. இந்த இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்க, அதற்குள் வளர்கிற கறள் மூன்றாவது. கறளுக்கு இரும்பைவிட இடம் கூடுதலாக வேண்டும். இடம் இல்லாத இடைவெளிக்குள் அது வளரும்போது ஆப்பு அடித்த மாதிரி இரண்டு பக்கத்தையும் நெருக்குகிறது. நாலாவது காரணம் ஒன்று உண்டு, அதுதான் மோசம்: குழாயே வீங்கியிருப்பது. மிக இறுக்கமான சோக்கில் இரும்புச் சன்னம் சுட்டால், அல்லது குழாய் தளர்ந்திருக்கும்போது சுட்டால், குழாய் வெளிப்பக்கம் விரிந்து குழலோடு பிடித்துக்கொள்ளும். அப்படியான குழாய்க்கு ஒயிலும் சூடும் உதவாது.

ஆகவே முதல் வேலை அளவெடுப்பது. அதற்கும் முன்னால், குழலைத் தோட்டா அறைப் பக்கமிருந்து வெளிச்சத்துக்குப் பிடித்து உள்ளே ஒன்றும் இல்லை என்று கண்ணால் பார்க்க வேண்டும். கழற்றிய குழல்தானே என்று இதை விடக்கூடாது, தக்கை ஒன்று நடுவில் சிக்கி நிற்கலாம். பிறகு உள்ளே தெரிகிற வெளிச்ச வளையங்களைக் கவனிக்க வேண்டும். வளையம் நேராக ஓடாமல் ஓரிடத்தில் உடைந்து கறுத்த கோடு போலத் தெரிந்தால் அங்கே வீக்கம். வெளியே, வாயிலிருந்து 10, 25, 40, 55 மி.மீ. தூரங்களில் வேர்னியர் கலிப்பரால் அளக்க வேண்டும். இந்தக் குழலில் நாலு இடத்திலும் சீராக 22.3. வீக்கம் இல்லை. உள்விட்டம் 18.5, குழாயின் வெளிவாய் 17.6. வித்தியாசம் 0.9 மி.மீ., அதாவது ஃபுல் என்கிற ஒடுக்கம் கூடிய வகை. விளிம்பில் இருந்த ஒற்றைக் கீறலும் அதையே சொன்னது. பல இத்தாலிய வகைக் குழாய்களில் ஒரு கீறல் ஃபுல், மூன்று மொடிஃபைட், ஐந்து சிலிண்டர். கீறல் கூடக் கூட வாய் அகலம்.

இந்த எண்களிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது. குழாயின் வெளிவிட்டம் ஏறத்தாழ 20.6 மி.மீ. அப்படியானால் புரிக்கு மேலே இருக்கிற குழல் சுவரின் தடிப்பு 1 மி.மீ.கூட இல்லை. குழாயின் பின்பக்கப் பாவாடையும், அதாவது புரிக்குப் பின்னால் குழலுக்குள் நீளுகிற வெறும் பகுதியும், அதே அளவு மெல்லியது. இரண்டு தகரம் ஒன்றுக்குள் ஒன்று என்று நினைத்துக்கொண்டு வேலை செய்தால் கை தானாக மென்மையாகும். பைப் ரென்ச், குறடு என்று வெளியே எதைப் போட்டு நெருக்கினாலும் வட்டம் முட்டை வடிவமாகிப் புரி இன்னும் இறுகும்.

ஊறவிட்ட விதம் இது. முதலில் அசிட்டோன் நனைத்த 12 போர் வெண்கலத் தூரிகையால் குழாயின் உட்பக்கத்தைத் தேய்த்துப் பிளாஸ்டிக் படையை எடுத்தாயிற்று. வாயில் குழாயும் குழலும் சேர்கிற கோட்டில் கரி இறுகி ஒரு கறுத்த வளையம் நின்றது. மூங்கிலைக் கூராகச் சீவி அதைச் சுரண்டி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எந்த ஒயிலும் உள்ளே இறங்காது. உருக்கு ஊசி பாவித்தால் விளிம்பில் கீறு விழும். அசிட்டோனுக்குத் திருகோணமலையில் அலையத் தேவையில்லை. பைபர் படகு திருத்துகிற இடங்களில் ரெசின் கழுவ வைத்திருப்பார்கள். மரக்கட்டையின் வார்னிஷையும், குறிபார்க்க வாயின் மேலே இருக்கிற பிளாஸ்டிக் குறிமணியையும் அது தின்றுவிடும், ஆகவே குறிமணி பிளாஸ்டிக் என்றால் முதலிலேயே கழற்றிவிட வேண்டும். பக்கத்தில் சுருட்டும் கூடாது, அடுப்பும் கூடாது.

ஊறுகிற கலவை: பவர் ஸ்டியரிங்குக்கு விடுகிற ஏ.டி.எஃப். ஒயில் ஒரு பங்கு, அசிட்டோன் ஒரு பங்கு. இது கலந்தே நிற்காது, பிரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் போத்தலைக் குலுக்கித்தான் விட வேண்டும். மண்ணெண்ணெய்யும் டீசலும் வேலை செய்யும், நாள்தான் கூடுதல். கடையில் தெளிக்கிற டப்பாவாக விற்கிற சாதாரண ஈரவிரட்டி ஒயில் இந்த வேலைக்குச் சோம்பல்.

வாயைக் கீழே வைத்து ஒரு போத்தலுக்குள் நிறுத்துவதுதான் எல்லாரும் செய்வது. அது பாதி வேலை, ஏனென்றால் ஒயில் விளிம்புப் பக்கம் மட்டும்தான் இறங்கும். கறள் கூடுதலாக இருப்பது உள்ளே, பாவாடை முடிகிற இடத்தில். அதற்கும் ஒயில் போக வேண்டும். குழாயின் வெளிவாயைக் கூம்பு றப்பர் அடைப்பானால் மூடி, வாயைக் கீழே வைத்துக் குழலை நிறுத்தி, தோட்டா அறைப் பக்கத்தால் 25 மி.லீ. கலவையை ஊற்றினால் போதும். குழாய் 50 மி.மீ. நீளம். இந்த அளவு அதையும் தாண்டி மேலே நிற்கும், பாவாடையின் பின்விளிம்பு முழுக்க மூழ்கும். குழலின் வாயைக் கலவை உள்ள கண்ணாடிப் போத்தலில் வைத்தால் இரண்டு பக்கத்தாலும் ஊறும். அசிட்டோன் பறந்துவிடாமல் பொலித்தீனால் கட்டி, குழல் சரியாமல் சுவரோரம் முளையடித்துக் கட்டிவிட வேண்டும். இந்தக் குழல் மூன்று நாள் நின்றது. காலையும் மாலையும் 5 மி.லீ. போல விட்டு நிரப்பியாயிற்று. இரண்டாம் நாள் போத்தலின் அடியில் செம்மண் கரைத்த மாதிரித் தூள் இறங்கத் தொடங்கியது. ஒயில் ஊடுருவிப் போகிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

அந்த மூன்று நாளில் சாவி செய்தாயிற்று. துவக்கோடு வருகிற தகரச் சாவி கையால் இறுக்கிய குழாயைக் கழற்றத்தான். கறள் பிடித்த குழாயில் அது வெட்டிலிருந்து மேலே வழுக்கி ஏறும், ஏறும்போது உதட்டை உடைக்கும். சாவி மேலே ஏறாமல் தடுக்க வேண்டும், குழாய் உள்ளே சுருங்காமல் தாங்க வேண்டும், விசை நடுமையத்தில் இருக்க வேண்டும். மூன்றையும் ஒரே சாமான் செய்யும்படி அமைத்தது இப்படி.

3 மி.மீ. தடிப்பான உருக்குத் தகடு ஒன்று, இரண்டு நல்ல வெட்டிலும் ஆட்டமில்லாமல் உட்காரும்வரை அரத்தால் ராவியது. அரம் இரண்டு இழுவை கூடினாலே ஆட்டம் வந்துவிடும், ஆகவே ஒவ்வொரு இழுவைக்கும் ஒரு தடவை வைத்துப் பார்க்க வேண்டும். தகட்டின் நடுவே 8 மி.மீ. துளை. 17.5 மி.மீ. விட்டத்தில் லேத்தில் கடைந்த பித்தளை உருளை ஒன்று, நடுவே துளை, மேலே தகடு அமருகிற காடி. இது வெளிவாய்க்குள் இறங்கி உட்பக்கத்தைத் தாங்கும். மூன்றாவது, ஒரு சிறு பித்தளைக் கூம்பு. பருத்த பக்கம் 18.2, மெலிந்த பக்கம் 17.4. இதில் 8 மி.மீ. ஆணி ஒன்றைப் பொருத்தித் தோட்டா அறைப் பக்கத்தால் துப்புரவுத் தடியைக் கொண்டு தள்ளினால், 18.5 உள்விட்டத்தில் சுலபமாகப் போய், சோக் ஒடுங்குகிற இடத்தில் வந்து அமரும். ஆணியின் முனை வெளியே வரும். அதில் உருளை, தகடு, வாசர், நட்டு. நட்டை இறுக்கத் தகடு வெட்டுக்குள் அமர்ந்து அங்கேயே நிற்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கூம்பு என்பது ஆப்பு. நட்டை ஆசைக்கு இறுக்கினால் கூம்பு குழாயை வெளிப்பக்கம் விரித்துக் குழலோடு இன்னும் அழுத்தும், கழற்றப் போனவர் தானே இறுக்கியது போலாகும். விரலால் இறுக்கி, சாவியால் கால் சுற்று, அவ்வளவுதான். உடைந்த ஆணி கழற்றுகிற கூம்புப் புரி ஆணிகளை இந்த வேலைக்குப் பாவிக்கக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

தகட்டின் இரண்டு பக்கமும் 15 செ.மீ. கைபிடி, மொத்தம் 30. ஒரு பக்கம் மட்டும் நீட்டி இழுத்தால் பக்கவாட்டு விசை வந்து வெட்டின் உதட்டில் ஏறும். இரண்டு கையாலும் சமமாகத் திருப்ப வேண்டும், படகு எஞ்சினின் பிளக் கழற்றுகிற மாதிரி ஒற்றைக் கையால் அல்ல.

குழலைப் பிடிக்கிற விதத்தில்தான் கூடுதலான குழல்கள் கெடுகின்றன. வேப்பமரக் கட்டை ஒன்றில், குழலின் வெளிவிட்டத்துக்குத் துளையிட்டு, பட்டிக்கு மேலே ஒரு காடி வெட்டி, நீளவாக்கில் இரண்டாக அறுத்தாயிற்று. உள்ளே பழைய சைக்கிள் ரியூப் துண்டு. அறுத்த வாளின் தடிப்பே இறுக்குவதற்கு வேண்டிய இடைவெளியைக் கொடுக்கும். கட்டை குழலைப் பிடிக்க வேண்டியது வாயிலிருந்து 10 செ.மீ. பின்னால். குழாய் இருக்கிற இடத்துக்கு மேலே பிடித்தால் வைஸின் இறுக்கமே குழாயைப் பூட்டிவிடும். குழலின் பின்பக்கத்து வளையத்தையோ, துவக்கின் உடலுக்குள் போகிற நீட்சியையோ பிடித்து முறுக்கவே கூடாது, அவை பற்றவைத்தவை, முழு முறுக்கும் அந்தப் பற்றில் போய் விழும்.

நாலாம் நாள் முதல் முயற்சி. வாயிலிருந்து பார்க்க இடஞ்சுழியாகத் திருப்பினால் கழரும், சாதாரணப் புரிதான். முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரளவு, பிறகு கழற்றுகிற பக்கம். ஆணியின் முனையில் 200 கிராம் சுத்தியலால் இருபது தட்டு, திரும்பவும் திருப்பல். தட்டு வலிமைக்கு அல்ல, அதிர்வுக்கு. குழலின் பக்கத்தில் ஒரு தட்டும் படக்கூடாது. அசையவில்லை. கைபிடிக்குப் பைப் செருகி நீட்டுகிற எண்ணம் இந்த இடத்தில்தான் எல்லாருக்கும் வரும். நீட்டியிருந்தால் மிச்சச் சோடி வெட்டும் போயிருக்கும்.

சூட்டுக்கு வருவோம். காஸ் விளக்கு, ஊதுவிளக்கு இரண்டும் வேண்டாம். பட்டி மென்பற்றால் (ஈயப் பற்றால்) ஒட்டியிருந்தால் 180, 190 பாகை செல்சியஸிலேயே பற்று இளகத் தொடங்கும், குழலின் நீலக்கறுப்பு நிறமும் கெடலாம். கொதிநீர் 100 பாகையைத் தாண்டாது, ஆகவே அது பத்திரம். ஆனால் முழுவாயையும் கொதிநீரில் அமிழ்த்தி வைத்தால் பெரிய பிரயோசனம் இல்லை. குழாயும் உருக்கு, குழலும் உருக்கு, இரண்டும் ஒரே அளவு விரியும், இடைவெளி அப்படியே நிற்கும். குழல் சூடாகவும் குழாய் குளிராகவும் இருக்கிற சில விநாடியைத்தான் உண்டாக்க வேண்டும். கணக்குப் பார்த்தால் 22 மி.மீ. விட்டத்துக்கு 80 பாகை வித்தியாசம் தருவது 0.02 மி.மீ. போல. கேட்கச் சிறிது. ஆனால் கறளின் பிடி நொறுங்குகிற தன்மை உள்ளது, அந்தச் சிறு அசைவு பத்துத் தடவை நடந்தால் வெடித்துவிடும்.

மீன் பெட்டிக்குப் போடுகிற ஐஸ் 5 கிலோ, நொறுக்கி, கல்லுப்பு ஒன்றரைக் கிலோ கலந்து வாளியில் போட்டாயிற்று. உப்பு சேர்ந்த ஐஸ் சுழியத்துக்குக் கீழே நன்றாக இறங்கும். சாவியைப் பொருத்திய வாயை இரண்டு பொலித்தீன் பைக்குள் விட்டுக் கழுத்தில் றப்பர் நாடாவால் கட்டி, அரை மணி நேரம் ஐஸில் நிறுத்த வேண்டும். பை கட்டாயம். கறளைக் கழற்றப் போய் உப்புத் தண்ணீரைப் புரிக்குள் விடுவது போலப் பைத்தியக்கார வேலை வேறு இல்லை. பிறகு பையை உருவி, குழலை வைஸில் பூட்டி, குழாய் இருக்கிற ஐந்து செ.மீ. நீளத்துக்கு மட்டும் சீலை சுற்றி, கேத்தலில் கொதிக்கிற தண்ணீரைப் பத்து விநாடி ஊற்ற வேண்டும். ஊற்றி முடிந்த கையோடு திருப்பல். ஒருவர் ஊற்ற, ஒருவர் திருப்ப. கீழே ஒரு தட்டு, கையில் தடித்த கையுறை. இருபது விநாடி போனால் சூடு குழாய்க்கும் போய்ச் சேர்ந்துவிடும், பிறகு திருப்பிப் பயனில்லை, மறுபடியும் ஐஸ்.

முதல் மூன்று சுற்றிலும் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே விளிம்பில் நாலு துளி கலவை விட்டாயிற்று, சூடு ஆறும்போது அது உள்ளே இழுபடும். குழல் முற்றாக ஆறிய பிறகுதான் விட வேண்டும், சூட்டோடு அசிட்டோன் சேரக்கூடாது. நாலாவது சுற்றில் விறகு வெடிக்கிற மாதிரி ஒரு ‘டிக்’. தகடு அரைக்கால் சுற்றுப் போய் நின்றது.

சத்தம் கேட்டதும் தொடர்ந்து திருப்புவதுதான் அடுத்த பிழை. உடைந்த கறள் தூள் புரிக்குள்ளேதான் இருக்கிறது. அதன் மேலே உலோகத்தை இழுத்தால் இரண்டு புரியும் உரசிக் கடித்துப் பிடித்துவிடும். அதன்பின் எந்த ஐஸும் கழற்றாது. ஒயில் மட்டும் விட்டு, போன அளவு திரும்பி வந்து, பிறகு கொஞ்சம் கூட. முன்னே கால், பின்னே அரைக்கால் என்று முழுக் குழாயும் வெளியே வர நாற்பது நிமிடம் எடுத்தது. ஒயில் முதலில் காபி நிறத்தில் வந்தது, பிறகு தேயிலைச் சாயம், கடைசியில் தெளிந்தது. தெளியும்வரை அவசரம் கூடாது.

வெளியே வந்த குழாயில் புரிப்பகுதி எதிர்பார்த்ததைவிடச் சுத்தம். பிடித்திருந்தது பாவாடையின் கடைசி 8 மி.மீ. அங்கே பிளாஸ்டிக் படை சுருண்டு நூல் போலக் கிடந்தது, அதற்குக் கீழே செங்கறள் வளையம். விளிம்பால் மட்டும் ஒயில் விட்டிருந்தால் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்காது.

இனிக் குழல். புரியை நைலோன் தூரிகையும் மண்ணெண்ணெய்யும் கொண்டு கழுவி, பல்குத்தியால் ஒவ்வொரு சாலாகத் துடைத்தாயிற்று. புரி வெட்டுகிற டேப் எதையும் உள்ளே விடக்கூடாது. அளவு ஒரு நூல் பிசகினால் இருக்கிற மெல்லிய சுவரும் போகும். புதுக் குழாய் அதே வகைப் புரியாக இருக்க வேண்டும். ஒரு வகைக் குழாய் இன்னொரு வகைக் குழலில் இரண்டு சுற்று ஏறிவிடும், அதனால் பொருந்துகிறது என்று ஆகாது. விரலாலேயே கடைசிவரை ஏற வேண்டும். ஏறி அமர்ந்த பிறகு தோட்டா அறைப் பக்கமிருந்து வெளிச்சம் விட்டுப் பாவாடையின் விளிம்பைப் பார்க்க வேண்டும். குழலின் உள்விட்டத்தைவிட அது ஒரு மயிரளவு அகலமாக, சுவருக்குள் ஒதுங்கி நிற்க வேண்டும். உள்ளே நீட்டிக்கொண்டு நின்றால் வருகிற தக்கையும் சன்னமும் அதில் மோதும், குழாய் பிய்ந்து குழலின் வாயையும் கொண்டுபோகும். இந்த ஒரு பார்வை இல்லாமல் துவக்கைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது.

ஐஸும் கொதிநீரும் பத்துச் சுற்று போயும் அசையாவிட்டால், அல்லது தொடக்கத்திலேயே வீக்கம் தெரிந்தால், குழாயை மறந்துவிட வேண்டும். குழல்தான் விலை. குழலை லேத்தில் மையம் பிடித்து, குழாயை உள்ளிருந்து காகிதத் தடிப்புவரை கடைந்து, மிச்சத்தைச் சுருளாக மடித்து எடுப்பது ஒரு வழி. இரும்பு வாள் அலகால் உள்ளே நீளவாக்கில் இரண்டு கீறு அறுத்து நடுத்துண்டை உள்ளே வளைப்பது இன்னொன்று. இரண்டாவதில் வாள் எப்போது குழலின் புரியைத் தொட்டது என்று கைக்குத் தெரியாது. இரண்டையும் அனுமதி உள்ள, இதைச் செய்து பழகிய துவக்குத் திருத்துநரிடம் விடுவதே மேல். குழலே வீங்கியிருந்தால் அந்தக் குழலில் இனிச் சுடக்கூடாது.

ஒரு வெடி வைத்தால் இளகும் என்று சொல்கிறவர்களும் உண்டு. வீங்கிய குழாய் அந்த வெடியில் இன்னும் வீங்கும். பாதி கழன்ற குழாய் என்றால் சன்னத்தோடு சேர்ந்து பறக்கும்.

புதுக் குழாய் மொடிஃபைட், குழலோடு வித்தியாசம் அரை மி.மீ. போல. போடும்போது புரியிலும் பாவாடையிலும் செம்புத்தூள் கலந்த புரிக்கிறீஸ் விரலால் பூசி, ஒரு படலம் மட்டும் நிற்கத் துடைத்தாயிற்று. அது இல்லாவிட்டால் படகு எஞ்சின்காரர் பாவிக்கிற தண்ணீர் தாங்குகிற கிறீஸ் போதும். கூடுதலாகப் பூசினால் அதிலேயே கரி ஒட்டும். இறுக்குவது கைச்சாவியால், தகடு நின்ற இடத்தில் நிறுத்திவிட வேண்டும். பத்துப் பதினைந்து வெடிக்கு ஒரு தடவை தளர்ந்திருக்கிறதா என்று விரலால் பார்ப்பதும், துவக்கு வெறுமையாக இருக்கும்போது மட்டும் பார்ப்பதும் பழக்கமாக வேண்டும். மாரியில் சுட்டாலும் சுடாவிட்டாலும் இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழற்றித் துடைக்க வேண்டும். கழற்றியபடி குழலை வைக்கவோ, குழாய் இல்லாமல் சுடவோ கூடாது, திறந்த புரியில் சூடும் தக்கையும் நேரே அடிக்கும். துணி உறைக்குள் போட்டு அலுமாரியில் வைக்கிறவர்கள் உறையைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும், ஈரத்தை அது பஞ்சு போல உறிஞ்சி வைத்திருக்கும்.

கழற்றிய பழைய குழாயின் பாவாடையை அறுத்துவிட்டு, புரியில் நீளவாக்கில் மூன்று காடி வெட்டியாயிற்று. அதே வகைக் குழல் அடுத்த முறை வந்தால் புரிச் சால்களைத் துப்புரவாக்க அது உதவும். உள்ளே விட்டுச் சுற்றக் கரி காடிக்குள் வந்து சேர்கிறது, புரி கீறுப்படுவதில்லை.